மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிறீர்களா? நாலு கேமராவை நம்ம ஊர் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

எந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றுகிற கேமரா) நல்லது என்று சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் அவரவர் கழுத்தில் தொங்குவதுதான் நல்லது என்பார்கள். சோனிக்காரர் சோனி என்பார், ஃபூஜிக்காரர் கலரைப் பார் கலரைப் பார் என்பார், இருபது வருசமாகக் கல்யாணம் எடுக்கிற அண்ணன் கேனனை விட்டு வேறு பேச்சே பேச மாட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாரும் அடுத்தவர் கேமராவைச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கையில் வைத்துப் பார்த்ததும் இல்லை. சரி, யூடியூப்பில் பார்க்கலாம் என்று போனால், குளிர்நாட்டுத் தெருவில், மேகம் போட்ட பகலில், வெள்ளைத்தோல் மாடலை நிறுத்தி வைத்துக் கண்ணில் போக்கஸ் விழுகிறதா என்று காட்டுகிறார்கள். அங்கே விழத்தான் செய்யும். மாரியம்மன் கோயில் அர்த்தமண்டபத்தில் கற்பூரம் எரியும்போது, அந்தச் சுடருக்குப் பின்னால் நிற்கிற கறுத்த முகத்தில் விழுகிறதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நாலைந்து பேர் அவரவர் கேமராவோடு ஒரே இடத்தில் கூடி, நாம் வழக்கமாகப் படம் எடுக்கிற வெளிச்சத்தில், ஒரே மாதிரி எடுத்துப் பார்ப்பது. 2008-இல் பானசோனிக் ஜி1 வந்ததிலிருந்து இந்தத் தொழில்நுட்பம் வெகுதூரம் வந்துவிட்டது, இன்றைக்குக் கடையில் விற்கிற மிரர்லெஸ் எதுவும் பகல் வெளிச்சத்தில் கெட்ட படம் எடுக்காது. வித்தியாசம் எல்லாம் இருட்டில், அசைவில், மழையில், எல்இடி விளக்கடியில்தான் வெளியே வரும். அதனால் ஒப்பிடுவதும் அங்கேதான்.

முதலில் உட்கார்ந்து எழுதுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன்னால், போன ஒரு வருசத்தில் நீங்கள் எடுத்ததில் எதைத் திரும்பத் திரும்பப் பார்த்தீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள், கைப்பேசியில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. கோயில் திருவிழாவும் காதுகுத்தும் கல்யாணமும் ஒரு வகை. விடியற்காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்ப் பறவை தேடுகிறவர் இன்னொரு வகை. பிள்ளைகள், பயணம், பாசார் மாலாம் சாப்பாடு, கொஞ்சம் வீடியோ என்பவர் மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கேமரா போதும் என்று கடைக்காரர் சொல்வார். போதும்தான், ஆனால் லென்ஸ் மூன்றும் வேறு, காசு போகிறது அங்கேதான்.

அடுத்து பட்ஜெட். "பாடிக்கு இவ்வளவு வெள்ளி" என்று யோசிக்காதீர்கள். பாடி, நீங்கள் எழுதிய வேலைக்கான ஒரு லென்ஸ், இரண்டாவது பேட்டரி, நல்ல கார்டு, ட்ரை பாக்ஸ், இந்த ஐந்தையும் சேர்த்து ஒரே தொகையாக வைத்துக்கொண்டு அந்தத் தொகைக்குள் கேமராக்களை ஒப்பிடுங்கள். இப்படிக் கணக்குப் போட்டாலே பாதிப் பட்டியல் தானாகக் கழன்றுவிடும்.

சென்சார் அளவு: சண்டை போடுவதற்கு முன் கணக்கு

வெளிச்சத்தைப் படமாக்குகிற சில்லுதான் சென்சார். புல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி என்பது சோனி, நிக்கான், ஃபூஜியில் ஏறக்குறைய 23.5க்கு 15.6, கேனனில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. ஒலிம்பஸும் பானசோனிக்கும் பிரபலமாக்கிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. (ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021-இல் தனி நிறுவனமாகிவிட்டது, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது.) பரப்பளவைக் கணக்கிட்டால் புல் ஃப்ரேம், ஏபிஎஸ்-சியைவிட இரண்டேகால் மடங்குக்கு மேல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. ஒரே எஃப் எண்ணில் (லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதைச் சொல்கிற எண், குறைந்தால் வெளிச்சம் கூடும்) எடுத்தால் புல் ஃப்ரேமுக்கு ஏபிஎஸ்-சியைவிட ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) சற்று மேலும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட இரண்டு ஸ்டாப்பும் ஆதாயம் என்பது இதிலிருந்து வருவதுதான்.

இதைக் கேட்டதும் "அப்படியானால் புல் ஃப்ரேம்தான்" என்று கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். கேனன் ஆர்8 புல் ஃப்ரேம், விலையும் மற்ற புல் ஃப்ரேம்களைவிடக் குறைவு. அதோடு கிட்டாக வருகிற 24-50 மி.மீ. லென்ஸ், 50 முனையில் எஃப் 6.3. பக்கத்தில் ஒரு சோனி ஏ6700-இல் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 மாட்டி வையுங்கள். ஏபிஎஸ்-சியில் அது, இரண்டு எண்ணையும் ஒன்றரையால் பெருக்கினால், புல் ஃப்ரேம் கணக்குக்கு ஏறக்குறைய 45 மி.மீ. எஃப் 2.1. 6.3-ஐ 2.1-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஒன்பது. அதாவது சின்ன சென்சார் கேமரா ஒன்பது மடங்கு வெளிச்சத்தைப் பிடிக்கிறது! ஆர்8-க்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் ஆட்டம் திரும்பவும் மாறும். அதனால் லென்ஸின் பெயரைச் சொல்லாமல் "இந்த பாடி இருட்டில் நல்லாயிருக்கும்" என்று யாராவது சொன்னால், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒப்பிட வேண்டிய முறையும் இதுதான். பார்வைக்கோணத்தைச் சமப்படுத்துங்கள்: புல் ஃப்ரேமில் 35 மி.மீ. என்றால் சோனி, நிக்கான், ஃபூஜி ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24, கேனன் ஏபிஎஸ்-சியில் 22, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17. சூம் லென்ஸ் இருந்தால் சுலபம். ஷட்டர் வேகம் எல்லாருக்கும் ஒன்று. அப்பெர்ச்சரை (எஃப் எண்ணை) மட்டும், அவரவர் லென்ஸில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து ஒரு முறையும், எல்லாரும் எஃப் 4-க்கு வந்து ஒரு முறையும் எடுங்கள். முதலாவது நீங்கள் நிஜமாகப் படம் எடுக்கப்போகிற நிலைமை, இரண்டாவது சென்சாருக்கான பரீட்சை. ராவும் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள். ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடுகிற மென்பொருளை) முந்தின நாளே அப்டேட் செய்துவிடுங்கள், ஏனென்றால் நிக்கான், ஃபூஜி இரண்டிலும் அப்டேட்டுக்குப் பிறகு போக்கஸ் நடத்தையே மாறியிருக்கிறது, பழைய ஃபர்ம்வேரோடு வந்து "போக்கஸ் சரியில்லை" என்றால் அது கேமராவுக்குச் செய்கிற அநியாயம்.

கோயிலில்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல நேரம். கூட்டம் இருக்கும், ஆனால் திருவிழா நெரிசல் இருக்காது. முன்கூட்டியே தலைவரிடமும் குருக்களிடமும் சொல்லிவிடுங்கள். மூலவரைப் படம் எடுக்க விடாத கோயில்கள் உண்டு, அங்கே முன்மண்டபத்தோடு நின்றுகொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

முதல் பரீட்சை ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டுகிற உணர்திறன். தூண் பக்கத்தில் நண்பர் ஒருவரை நிறுத்தி, பின்னால் குத்துவிளக்கு வருகிற மாதிரி, 1600, 3200, 6400, 12800 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ராவ் கோப்பில் நாய்ஸ் (படத்தில் மணல் மாதிரி தெரிகிற புள்ளிகள்) எவ்வளவு என்று பார்க்கும்போது நூறு சதவிகிதம் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். நீங்கள் ஆல்பத்துக்கு அடிக்கிற அளவில், அல்லது வாட்ஸாப்பில் அனுப்புகிற அளவில் பாருங்கள். 40 மெகாபிக்சல் ஃபூஜி எக்ஸ்-டி5-ஐயும் 24 மெகாபிக்சல் கேமராவையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டால் ஃபூஜி பாவம் எப்போதும் தோற்கும், ஒரே அளவு பிரிண்டில் பார்த்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிடும்.

இரண்டாவது பரீட்சை, எனக்கு இதுதான் முக்கியம், முகம். கேமராவின் மீட்டர் காட்சியைச் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும். வெற்று மார்போடும் வெள்ளை வேட்டியோடும் நிற்கிற குருக்களைக் காட்டினால் சில கேமராக்கள் வேட்டியைக் காப்பாற்றி முகத்தைக் கரியாக்கும், சில முகத்தைத் தூக்கி வேட்டியை வெளுத்துவிடும். முகம் கண்டுபிடித்ததும் வெளிச்சத்தை முகத்துக்கு மாற்றுகிற வசதி இப்போது பல கேமராக்களில் இருக்கிறது, சிலவற்றில் மெனுவுக்குள் தேடிப் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை எடுங்கள்.

அப்புறம் கண் போக்கஸ். கறுத்த முகம், நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், பக்கவாட்டில் எரிகிற தீபம். தீபாராதனை நேரத்தில் ஐந்து விநாடி தொடர்ந்து அடித்து, எத்தனை படத்தில் கண் கூர்மையாக இருக்கிறது, எத்தனையில் போக்கஸ் சுடருக்கு ஓடிவிட்டது என்று எண்ணுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்தால்தான் நியாயம், ஏனென்றால் இரண்டாவது தீபாராதனை முதலாவது போல் இருக்காது. சோனியிலும் கேனனிலும் அண்மைக்காலத்தில் வந்தவை இதில் கெட்டி. நிக்கானும் இசட்6 மூன்றாம் பதிப்பு, இசட்5 இரண்டாம் பதிப்பு வந்த பிறகு பக்கத்தில் வந்துவிட்டது. ஃபூஜி ஒரு படி பின்னால் என்பது என் அபிப்பிராயம், ஃபூஜிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும், நிற்கிற முகத்துக்கு அதுவும் தாராளமாகப் போதும்.

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்கோ பத்துமலைக்கோ போகிறவர்கள் இன்னொன்றையும் சோதியுங்கள். காவடியின் மயிலிறகுகள் முகத்துக்கு முன்னால் ஆடும்போது போக்கஸ் இறகில் ஒட்டிக்கொள்கிறதா, முகத்தில் நிற்கிறதா? நண்பர் முகத்துக்கு முன்னால் ஒரு மாவிலைக் கொத்தை ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். போக்கஸ் எவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் மெனுவில் ஓர் எண் வைத்திருக்கிறது, அதைத் தாவாத பக்கமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் அடியுங்கள்.

நிறத்தைப் பற்றி நீண்ட சண்டை நடக்கும், நடக்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அரக்குப் பட்டு, குங்குமம், செவ்வரளி மாலை, காவி வேட்டி. இந்தச் சிவப்பும் காவியும் மஞ்சள் விளக்கடியில் சீக்கிரம் நிரம்பி வழிந்து, மடிப்பு தெரியாத ஒரே பட்டையாகிவிடும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டுகிற வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற கேமராவா என்று பாருங்கள். ஃபூஜியில் வெல்வியா என்கிற அழுத்தமான நிறப்பாணியைப் போட்டுவிட்டு அம்மன் புடவையை எடுக்காதீர்கள், புரோவியா அல்லது அஸ்டியாவில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ராவில் எடுத்துத் திருத்துகிறவராக இருந்தால் இந்தச் சண்டையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. ஜேபெக்கை அப்படியே கொடுக்கிறவராக இருந்தால் இதுதான் முழுச் சண்டையும், ஃபூஜிக்கு இங்கே நிஜமான மதிப்பு உண்டு.

இருட்டில் வ்யூஃபைண்டரையும் (கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னத் திரை) பாருங்கள். 23.6 லட்சம் புள்ளி, 36.9 லட்சம், 57.6 லட்சம் என்று மூன்று ரகம் பரவலாக இருக்கிறது. ஏ6700, ஆர்8, கேனன் ஆர்50 முதல் ரகம். எக்ஸ்-டி5, சோனி ஏ7 நான்காம் பதிப்பு இரண்டாவது. நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பு மூன்றாவது. புள்ளிக் கணக்கைவிட, இருட்டில் படம் இழுத்துக்கொண்டு வருகிறதா என்பதுதான் நிஜமாகத் தொல்லை கொடுக்கிற விஷயம். கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்புங்கள், தெரிந்துவிடும். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 மாதிரி வ்யூஃபைண்டரே இல்லாதவையும் உண்டு. வீடியோவுக்கு ஒன்றும் குறையில்லை, ஆனால் உச்சி வெயிலில் தேர் இழுக்கும்போது திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

கல்யாண மண்டபத்தில்

இங்கே பகைவன் எல்இடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டியூப் லைட் விநாடிக்கு நூறு தடவை மின்னும், ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எல்இடி அலங்கார விளக்கும் மேடைக்குப் பின்னாலுள்ள வீடியோ திரையும் தங்கள் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் மின்னுகின்றன. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுவதும் கிடைமட்டமாகக் கறுப்புப் பட்டைகள் விழும், தாலி கட்டுகிற நேரத்தில் அப்படி விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மண்டபக்காரரிடம் கேட்டு, நிகழ்ச்சிக்கு விளக்கு சரிபார்க்கிற நேரத்தில் போங்கள். 1/50, 1/100, 1/250, 1/500 என்று மெக்கானிக்கல் ஷட்டரில் ஒரு வரிசை, எலக்ட்ரானிக்கில் ஒரு வரிசை. சென்சார் தன்னைத்தானே மேலிருந்து கீழே படித்து முடிக்க எடுக்கிற நேரம்தான் இந்தப் பட்டைக்குக் காரணம். நிக்கான் இசட்8-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, அதன் சென்சார் அவ்வளவு வேகமாகப் படித்துவிடும். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் படிக்கிறது. இரண்டும் நம்மில் பெரும்பாலோர் கைக்கு எட்டாத விலை. நடுத்தர விலையில் வாங்குகிறவர் மண்டபத்தில் மெக்கானிக்கலோடு இருந்துகொள்வது நல்லது, மினுக்கம் தவிர்க்கிற ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஆர்50, ஆர்8 இரண்டிலும் முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை, ஷட்டரின் முதல் திரை எலக்ட்ரானிக், இரண்டாவது மட்டும் நிஜத்திரை. அதை அப்படியே சோதித்துப் பாருங்கள்.

கார்டு ஸ்லாட் பற்றி நான் பிடிவாதக்காரன். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பதானால் இரண்டு ஸ்லாட் வேண்டும், பேச்சே இல்லை. ஏ7 நான்காம் பதிப்பு, ஆர்6 மார்க் 2, ஆர்7, எக்ஸ்-டி5, இசட்5-இன் இரண்டு பதிப்புகள், இவற்றில் இரண்டு உண்டு. ஏ6700, ஆர்8, எக்ஸ்-எஸ்20, இசட்50 இரண்டாம் பதிப்பு ஒன்றுதான். குடும்பத்துக்கு எடுக்கிறவருக்கு ஒன்று போதும். கார்டு கெட்டுப்போனால் அடுத்த பிறந்தநாள் வரும், அடுத்த தாலி வராது.

ஐபிஸ் என்கிற உடலுக்குள்ளேயே அதிர்வைத் தாங்குகிற வசதியை ரொம்பப் பெரிதாகப் பேசுகிறார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், மணமகள் தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் தெரியாது. மண்டபத்தில் 1/125-க்குக் கீழே போனாலே ஆள் அசைவு தெரியும், ஆகவே அங்கே ஐபிஸால் லாபம் குறைவு. கையில் பிடித்து வீடியோ எடுக்கிறவருக்கும், இருட்டுக் கோபுரத்தையும் விளக்கு வரிசையையும் ஸ்டாண்ட் இல்லாமல் எடுக்கிறவருக்கும் அது வரம். ஆர்8, ஆர்50, இசட்50 இரண்டாம் பதிப்பு, சோனி ஏ6400 ஆகியவற்றில் ஐபிஸ் இல்லை.

செம்பனைக்குள்

பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் வெளிச்சம் ஒரு விசித்திரம். மேலே ஓலை மூடியிருக்கும், கீழே கிட்டத்தட்ட இருட்டு, நடுநடுவே வெயில் வட்டங்கள் விழுந்து கண்ணைக் கூசும். சென்சாரின் இடைவீச்சை, அதாவது வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் பிடிக்கிற திறனைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் கிடையாது. வெயில் வட்டம் வெளுக்காத அளவுக்குக் குறைத்து எடுத்து, கணினியில் நிழலை மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள், எந்தக் கேமராவில் நிழல் பச்சையாகவும் ஊதாவாகவும் உடைகிறது என்று அப்போது தெரியும். தோட்டம் தனியார் நிலம், மேனேஜரிடமோ காவல் கொட்டகையிலோ சொல்லாமல் நுழையாதீர்கள். அறுவடை நேரத்தில் குலை விழுகிற இடத்துக்குக் கீழே நின்று வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்கவும் வேண்டாம்.

பறவை தேடுகிறவருக்கு இங்கே நிறைய இருக்கிறது. எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்துக்காரர்களே கூண்டு வைத்து வளர்க்கிற கூகை, வாய்க்கால் கம்பியில் உட்கார்ந்திருக்கிற வெண்மார்பு மீன்கொத்தி, கொக்குகள். இந்த வேலைக்குச் சின்ன சென்சார் உண்மையிலேயே லாபம்: 400 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 600 மாதிரி, கேனனில் 640 மாதிரி தெரியும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 300 மி.மீ. போட்டாலே 600. எடையையும் நிறுத்துப் பாருங்கள். கேனன் ஆர்எஃப் 100-400 ஏறக்குறைய 635 கிராம், சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். முதலாவது நீளமுனையில் எஃப் 8, அதனால் விடியற்காலையில் தவிக்கும். இரண்டாவது எஃப் 6.3, ஆனால் மோட்டாரில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு லட்டரைட் ரோட்டில் போய்ப் பாருங்கள், எஃப் எண்ணெல்லாம் மறந்துபோகும்.

கூகை மாலையில் கூண்டை விட்டுக் கிளம்புகிற கணத்தைப் பிடிக்க, ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே படங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிற வசதி பெரிய உதவி. ஓஎம் சிஸ்டமின் ஓஎம்-1-இல் அது ரொம்ப நன்றாக வேலை செய்கிறது, கேனன் ஆர்7-லும் நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பிலும் உண்டு. இந்த வசதி எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் நடக்கும் என்பதை மறக்காதீர்கள். ஆர்7-இன் சென்சார் மெதுவாகப் படிப்பதால் வேகமாக அடிக்கிற சிறகு வளைந்து விழும். பறவை கிடைக்காவிட்டால் எதிரே வருகிற மோட்டாரை வைத்துக்கூடச் சோதிக்கலாம், சக்கரம் முட்டை வடிவமாகத் தெரிந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

மவுண்ட்: இதில்தான் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்

மவுண்ட் என்பது லென்ஸைப் பாடியில் மாட்டுகிற வளையம். பாடி நாலு வருசத்தில் மாறும், லென்ஸ் கூடவே இருக்கும். சோனி இ மவுண்ட்டுக்கு சிக்மா, டாம்ரான் இரண்டும் வருசக்கணக்காக லென்ஸ் கொட்டிக்கொண்டிருக்கின்றன, டாம்ரான் 28-75 எஃப் 2.8 முதல் பதிப்பு 2018-லேயே வந்துவிட்டது, செகண்ட்ஹாண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. கேனன் ஆர்எஃப் மவுண்ட் நெடுநாள் கதவைச் சாத்தி வைத்திருந்து, 2024-இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு மட்டும் திறந்துவிட்டது. பானசோனிக் புல் ஃப்ரேம் வாங்கினால் லைக்காவும் சிக்மாவும் பகிர்ந்துகொள்கிற எல் மவுண்ட் கிடைக்கும்.

அலமாரியில் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் கிடக்கிறதா? கேனன் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஆர் வரிசைக் கேமராக்களில் சொந்த லென்ஸ் போலவே ஓடும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை, அதனால் உள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களில் ஆட்டோ போக்கஸ் வேலை செய்யும், பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்கின பிறகு தெரிந்துகொள்வதைவிட அடாப்டர் வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்து உங்கள் லென்ஸை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

சின்ன ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை எந்த விமர்சனத்திலும் பார்க்க முடியாது. உங்கள் கூட்டாளிகள் எந்த மவுண்ட்? கோலாலம்பூரில் இருக்கிறவர் நாள் வாடகைக்கு லென்ஸ் எடுத்துக்கொள்வார். நாம் ஈப்போவுக்காவது போய்த் தேட வேண்டும், அதுவும் தைப்பூச வாரத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது. பக்கத்து லயத்து அண்ணன் 70-200 வைத்திருக்கிறார் என்றால் அவர் மவுண்ட்டிலேயே நீங்களும் வாங்குவது, விவரப் பட்டியலில் இரண்டு புள்ளி கூடுதலாக இருக்கிற வேறொன்றை வாங்குவதைவிட எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால், இரண்டு கேமரா உங்களுக்குச் சமமாகத் தோன்றும்போது முடிவெடுக்க வேண்டியது இந்த ஒன்றை வைத்துத்தான்.

வெக்கை, மழை, பூஞ்சை

வீடியோ எடுக்கிறவர்கள் 4கே-யில் வைத்து, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் திடலில், நிழலில்லாமல், அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடு தாங்கும் அளவை உயர்த்துகிற செட்டிங் பல கேமராக்களில் உண்டு, அதை முதலில் உயர்த்திவிடுங்கள். யாருடைய கேமரா முதலில் அணைகிறது என்று பந்தயமே கட்டலாம். ஃபூஜி எக்ஸ்-எஸ்20-க்குப் பின்னால் மாட்டுகிற தனி விசிறி விற்கிறார்கள்.

தண்ணீர் புகாத சீலிங் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை லென்ஸுக்கும் சேர்த்துப் பாருங்கள். சீலிங் உள்ள பாடியில் சீலிங் இல்லாத கிட் லென்ஸை மாட்டினால், நாலு மணி மழைக்கு அது குடை விரித்துக் கைப்பிடியை மறந்த மாதிரிதான். ஓஎம்-1-க்கு, தூசியையும் நீரையும் தாங்குவதற்கான ஐபி53 தரச்சான்று இருக்கிறது, இந்த விஷயத்தில் அதற்கு ஈடு குறைவு.

எதை வாங்கினாலும் ட்ரை பாக்ஸ் கட்டாயம். நம் காற்றில் ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தொடுவது சாதாரணம். லென்ஸைத் துணிப்பைக்குள் போட்டு அலமாரியில் வைத்தால் சில மாதத்தில் உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை படரும். 40-லிருந்து 50 சதவிகிதத்துக்குள் வைத்திருங்கள். மின்சார ட்ரை கேபினட் வாங்க முடியாவிட்டால், இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர், இந்த மூன்றும் போதும்.

படங்களைப் பார்க்கிற விதம்

எல்லாருடைய கார்டையும் ஒரு லேப்டாப்பில் கொட்டி, ஒருவர் மட்டும் உட்கார்ந்து கோப்புப் பெயர்களை மாற்றி, கேமரா விவரம் தெரியாமல் கலந்துவிடட்டும். அவர் அந்தச் சுற்றில் ஓட்டுப் போடக்கூடாது. அப்புறம் ஒட்டுக்கடையில் தே தாரிக் சொல்லிவிட்டு வரிசையாகக் காட்டுங்கள். படம் எடுக்கிறவர்களோடு, படம் எடுக்கத் தெரியாத ஒருவரையாவது, உங்கள் அக்காவோ அத்தையோ, உட்கார வையுங்கள். அவர்கள் நாய்ஸைப் பார்க்க மாட்டார்கள், "இதுல நம்ம தம்பி கறுப்பா தெரியுறான், இதுல புடவைக் கரை நல்லாத் தெரியுது" என்பார்கள், உங்களிடம் படம் கேட்டு வருகிறவர்களும் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள். பெயர்களைத் திறந்து காட்டும்போது சோனிக்காரர் நிக்கான் படத்துக்கு ஓட்டுப் போட்டிருப்பார், சிரித்துக்கொள்ளுங்கள்.

யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாத இரண்டு கேமரா மிஞ்சினால், மெனுவும் கைப்பிடியும்தான் இனி. ஐஎஸ்ஓ, போக்கஸ் முறை, கார்டு ஃபார்மேட், இந்த மூன்றையும் கையேடு பார்க்காமல் எவ்வளவு சீக்கிரம் மாற்ற முடிகிறது என்று பாருங்கள். பெரிய கைக்காரருக்கு ஏ6700-இல் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும்.

வாங்கும்போது

மலேசியா செட்டா, ஏபி செட்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஏபி செட் என்பது அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராமல் கடைக்காரர் இறக்கியது, விலை குறைவாக இருக்கும், உத்தரவாதம் பெரும்பாலும் அந்தக் கடையோடு சரி. கடை அடுத்த வருசமும் அங்கே இருக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வாங்கலாம். பாடிக்கு அப்படி வாங்க நான் யோசிப்பேன், லென்ஸுக்கு அவ்வளவு யோசிக்க மாட்டேன், லென்ஸில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் குறைவு.

செகண்ட்ஹாண்டில் வாங்கினால் பகலில், நேரில் பாருங்கள். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பூஞ்சை காட்டிக்கொடுத்துவிடும். எஃப் 16-இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும், தூசியைத் துடைத்துவிடலாம், கீறல் என்றால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். லென்ஸை மூடிக்கொண்டு சில விநாடி எக்ஸ்போஷரில் ஒரு படம், எரிந்த பிக்சல்களுக்காக. ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எலக்ட்ரானிக் ஷட்டரில் வாழ்ந்த கேமராவில் அந்த எண்ணுக்கு அர்த்தம் குறைவு. கார்டு ஸ்லாட் கதவு, சார்ஜ் போடுகிற துளை, ஹாட் ஷூ (மேலே ஃபிளாஷ் மாட்டுகிற இடம்), மூன்றையும் விரலால் அசைத்துப் பாருங்கள். பேட்டரி கம்பெனியுடையதா என்று பார்த்து, வீங்கியிருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ரசீது அசலையும் பெட்டியையும் கேட்டு வாங்கி, சீரியல் எண் பெட்டியிலும் பாடியிலும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகு காசை எண்ணிக் கொடுங்கள்.